ஆறு கோப்பையும் ஏழு காகிதமும்

அத்தியாயம் 14

அந்தக் கண்ணாடிக் கோப்பைகளைக் கொடுக்கும் எண்ணம் அண்ணிக்குத் துளிகூடக் கிடையாது என்பது போன வாரமே நம்முடன் இருந்தவர்களுக்குத் தெரியும். இன்றுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக ஒரு நிமிடம்: லிஃப்ட் பழுது பார்க்கும் பையன் ஒருவனுக்கு அண்ணியின் நாத்தனார் சின்னவளைப் பிடித்துப் போய்விட்டது. அவனுடைய அம்மா, ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை, வீட்டைப் பார்த்துப் போக வந்தார். வந்தவர் அலமாரியில் இருந்த ஆறு கோப்பைகளையும் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பிடிச்சிருந்தா எடுத்துக்கங்க" என்று அண்ணி ஒரு மரியாதைக்குச் சொல்லிவைத்தாள். தலைமை ஆசிரியையோ மரியாதைக்கு வேண்டாம் என்று சொல்லுகிற ரகம் இல்லை.

"பஸ்ல தூக்கிட்டுப் போக முடியாது. நீங்கதான் பார்சல் கடை வச்சிருக்கீங்களே, அனுப்பிவைங்க. எப்படி வந்து சேருதுன்னு பாக்கறேன்" என்று வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

எப்படி வந்து சேருகிறது என்று பார்ப்பாராம்! அந்த ஒரு வார்த்தை அண்ணியின் கணவரைச் சுருக்கென்று குத்தியது. தெருவில் அவருக்குப் பெயர் 'தராசு'. கடையில் எடை போடுவதும் விலாசம் எழுதுவதும் அவர், கட்டுவது அண்ணி. பதினோரு வருடத்தில் அண்ணி கட்டிய பார்சல் ஒன்றுகூட உடைந்து திரும்பியது இல்லை. இதைத் தராசு தினமும் யாரிடமாவது சொல்வார். ஆள் கிடைக்காவிட்டால் தராசுத் தட்டிடமே சொல்வார்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு அண்ணி கோப்பைகளைக் கட்ட உட்கார்ந்தாள். இந்தச் சம்பந்தம் அமைய வேண்டும் என்று அவளுக்கு அப்படி ஓர் ஆசை. அந்தப் பையன் முதல் நாள் வந்தபோதே, யாரும் சொல்லாமல், கடையின் ஆடும் மேஜைக்காலுக்கு அட்டை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தவன். அந்த இடத்திலேயே அண்ணி விழுந்துவிட்டாள்.

ஒவ்வொரு கோப்பையையும் மெல்லிய தாளில் சுற்றினாள். வெறும் வயிற்றோடு போகிற கோப்பைதான் அழுத்தினால் உடையும் என்பது அவள் அனுபவம். அதனால் ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு காகித உருண்டையைத் திணித்தாள். படுக்க வைக்காமல் நிற்க வைத்தாள். நடுவில் ஒரு சந்து மிஞ்சியது; அங்கேயும் ஓர் உருண்டை. ஆக ஏழு. பிறகு அந்தப் பெட்டியை அதைவிடப் பெரிய பெட்டிக்குள் இறக்கி, சுற்றிலும் அட்டைத் துண்டுகளை அடைத்தாள். மேலே ஒட்டும் சீட்டு கிழிந்தாலும் பெட்டி அநாதையாகிவிடக் கூடாது என்று உள்ளேயும் ஒரு விலாசச் சீட்டு வைத்தாள். கடைசியில் எல்லா மூட்டுகளிலும் டேப்.

காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்த்தாள். சத்தமே இல்லை. ஒன்பது மணிக்குப் பார்சல் கம்பெனியின் கிடங்கு வண்டி வந்து பெட்டியை எடுத்துப் போனது.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். அந்த வீட்டில் காகிதத்துக்குக் குப்பைக்கூடை என்று ஒன்று கிடையாது. பழைய நாளிதழில் மை ஒட்டும் என்று தராசு அதைக் கடைப்பக்கமே விடமாட்டார். வெள்ளைக் காகிதம்தான் வேண்டும். அதற்காக அறைக்கு ஒரு கூடை. அதில் விழுந்ததெல்லாம் கடைக்குச் சொந்தம். அண்ணி தினமும் காலையில் அறை அறையாகப் போய் வசூல் செய்துகொண்டு வருவாள். எதையும் பிரித்துப் படிக்கமாட்டாள். கசக்கிப் போட்டதைப் பிரித்துப் பார்ப்பது அடுத்தவர் வீட்டுச் சமையலறையில் எட்டிப் பார்ப்பது மாதிரி என்று அவளுக்கு ஓர் எண்ணம்.

ஒன்பதே காலுக்குச் சின்னவள் உள்ளே இருந்து வந்தாள். தராசின் தங்கை, மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை. ஊரார் கண்ணையெல்லாம் பார்க்கிறவளின் கண் அப்போது நிலைகுத்தி நின்றது.

"அண்ணி, என் ரூம் கூடை ஏன் காலியா இருக்கு?"

"காலைல எடுத்தேனே. ஏன்?"

"அதுல இருந்த காகிதம்?"

"கோப்பைக்குள்ள வச்சேன். நல்ல மொத்தமான காகிதம். எங்கே வாங்கின?"

சின்னவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். அது வாடிக்கையாளரின் சுவர்க்கடிகாரம் வைத்திருந்த நாற்காலி. கடிகாரத்தை அண்ணி நல்லவேளை இழுத்துக்கொண்டாள்.

"அது கடிதம் அண்ணி."

"யாருக்கு?"

"அவருக்குத்தான். போன்ல பேசினா பக்கத்துல அவங்க அம்மா உட்கார்ந்திருக்காங்கன்னு கடிதமா எழுதியிருந்தார். என்னைக் கட்டிக்கச் சம்மதமா, மனசுல இருக்கறதை மறைக்காம எழுதுங்கன்னு. நேத்து ராத்திரி பூரா எழுதி எழுதிக் கசக்கிப் போட்டேன். ஏழு தடவை."

"அதனால என்ன? அவருக்குத்தானே போகப்போகுது?"

"பார்சல் யார் பேருக்கு அண்ணி?"

அண்ணி பில் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள். பார்சல் தலைமை ஆசிரியை பேருக்கு.

"என்ன எழுதினே?"

"மறைக்காம எழுதுங்கன்னாரே! அவங்க அம்மாவைப் பத்தி எழுதினேன். நம்ம கரண்டியை எண்ணினாங்கன்னு."

"எண்ணினாங்களா?"

"பதினேழுன்னு வாய்விட்டே சொன்னாங்க."

"பதினெட்டு இருக்கணுமே!" அந்த நேரத்திலும் அண்ணிக்கு அப்படி ஒரு கவலை வந்தது.

"அவங்க வந்து உட்கார்ந்ததும் நாமெல்லாம் பரீட்சைக்குப் படிக்காம வந்தவங்க மாதிரி முழிச்சோம்னு ஒண்ணுல எழுதினேன். அவங்க சிரிச்சு ஒரு தடவைகூடப் பார்க்கலை, பல் இருக்கா இல்லையான்னே தெரியலைன்னு இன்னொண்ணுல. மிச்சத்தைச் சொல்ல மாட்டேன்."

அண்ணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள் இந்த வீட்டுக்கு வந்தபோது சின்னவளுக்குப் பன்னிரண்டு வயது. தலை வாரிவிட்டதிலிருந்து தைரியம் சொன்னதுவரை எல்லாம் அண்ணிதான். ஐந்து பேரை வேண்டாம் என்று சொன்ன பெண், ஆறாவதாக ஒருவனுக்குக் காகிதத்தை வீணடிக்கிற அளவுக்கு வந்திருக்கிறாள். அதைத் தன் கையாலேயே டேப் போட்டு ஒட்டி அனுப்பியாகிவிட்டது. இனி இந்தப் பெண் ஒரு ரகசியத்தைத் தன்னிடம் நம்பிக் கொடுப்பாளா என்று நினைத்தபடியே அண்ணி கடைச் சாவியை எடுத்தாள்.

"கிளம்பு. வண்டி இப்பத்தான் போச்சு. கிடங்குலயே பிடிச்சுடலாம்."

கடைக்குப் பூட்டுப் போட்டு மூன்று பேரும் பஸ் ஏறினார்கள். விஷயத்தைக் கேட்ட தராசுக்கு, தங்கை என்ன எழுதினாள் என்பதைவிட வேறொன்றுதான் உறைத்தது.

"நம்ம பார்சல் திரும்பி வர்றதா? பதினோரு வருஷத்துல..."

"அண்ணா, அங்கே வந்து வாயைத் திறக்காம இருந்தாலே பெரிய உதவி" என்றாள் சின்னவள்.

கிடங்கு என்பது கப்பல் நிற்கிற அளவுக்கு ஒரு தகரக் கொட்டகை. நடுவில் ஓடும் பட்டையில் பெட்டிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. வாய் பிளந்த பெட்டிகள், ஈரம் கசிந்த பெட்டிகள், கயிறு பிரிந்து வால் மாதிரி இழுத்துக்கொண்டு வருகிற பெட்டிகள். அவற்றுக்கு நடுவே அண்ணியின் பெட்டி முதுகு நிமிர்ந்து வந்தது. அவள் அதைத் தூரத்திலேயே அடையாளம் கண்டுகொண்டாள்.

காதில் பென்சில் செருகிய சூப்பர்வைசர் கையை நீட்டித் தடுத்தார்.

"வந்தது வந்ததுதாம்மா. திருப்பித் தரக்கூடாது."

"உள்ளே தப்பான காகிதம் போயிடுச்சுங்க."

"பத்திரமா? பணமா?"

"இல்லைங்க. கசக்கிப் போட்ட காகிதம்."

"குப்பையா?"

அண்ணி சின்னவளைப் பார்த்தாள். சின்னவள் கூரையைப் பார்த்தாள். "ஒரு விதத்துல" என்றாள் அண்ணி.

"குப்பைக்காக வண்டியை நிறுத்த முடியாது. பேக்கிங் சரியில்லைன்னா மட்டும் திருப்பிக் கொடுப்போம். சரியில்லையா?"

அண்ணி பக்கத்தில் நின்ற கணவரைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டாள்.

"சரியில்லைங்க" என்றாள்.

"என்னது!" என்றார் தராசு. பஸ்ஸில் தங்கை போட்ட கட்டளை பறந்துபோனது.

"அவசரத்துல கட்டினது. கண்ணாடிப் பொருள். உடைஞ்சிடும்."

சூப்பர்வைசர் பெட்டியைத் தூக்கிக் காதோரம் வைத்துக் குலுக்கினார். நெற்றியைச் சுருக்கி இன்னொரு முறை, இரண்டு கையாலும் குலுக்கினார். 'சத்தம் போடேன், சனியனே' என்று அண்ணி உள்ளுக்குள் கெஞ்சினாள். பெட்டி மூச்சு விடவில்லை.

"கண்ணாடிங்கறீங்க?"

"ஆமாங்க. ஆறு கோப்பை."

அவர் மூலைகளை அமுக்கினார். இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட்டார். தொப்பென்று விழுந்து, விழுந்த இடத்திலேயே நின்றது. பிறகு அவருக்கே ஆர்வம் தாங்காமல் அதன் மேல் ஏறி உட்கார்ந்து பார்த்தார். நல்ல கனமான மனிதர். அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள்.

"டேய், எல்லாரும் இங்க வாங்கடா!"

பட்டையை நிறுத்திவிட்டு ஏழெட்டுப் பேர் வந்து சூழ்ந்துகொண்டார்கள். "தினமும் கத்தறேனே, இதுதான் பேக்கிங்! கண்ணால பாத்துக்குங்க. யாரும்மா கட்டினது? நீங்களா? எப்படிம்மா?"

அண்ணி வாயைத் திறக்குமுன் தராசு முன்னால் வந்துவிட்டார்.

"பெட்டிக்குள்ள பெட்டி சார். ரெண்டுக்கும் நடுவுல ரெண்டு விரக்கடை இடம் விடணும். அங்கே காத்தை விடக்கூடாது, அடைக்கணும்."

அண்ணி அவர் விலாவில் முழங்கையால் இடித்தாள்.

"கயிறு கட்டவே கூடாது. மெஷின்ல மாட்டும். அப்புறம் பழைய சீட்டு ஒட்டின பெட்டின்னா..."

அண்ணி கிள்ளினாள்.

"...பழைய சீட்டை உரிச்சுடணும் சார், இல்லைன்னா பார்சல் முந்தின விலாசத்துக்கே போய் நிக்கும். பதினோரு வருஷம். ஒண்ணு உடைஞ்சதில்லை!"

ஒருவன் கை தட்டினான். மற்றவர்களும் தட்டினார்கள். தராசின் முகத்தில் கல்யாணத்தன்றுகூட அண்ணி அப்படி ஒரு களையைப் பார்த்ததில்லை.

சூப்பர்வைசர் பெட்டியை இரண்டு கையாலும் ஏந்தினார். "இவ்வளவு தன்னடக்கம் ஆகாதும்மா. சரியில்லையாம்! இந்தப் பார்சலுக்கு நான் ஒரு மரியாதை பண்றேன். நாளன்னிக்கெல்லாம் இல்லை, இன்னிக்கே போய்ச் சேரும்."

"ஐயோ, வேண்டாங்க!"

"கூடுதலா ஒண்ணும் கேக்க மாட்டேன், பயப்படாதீங்க" என்று அவரே அதை விரைவு வண்டியில் ஏற்றிக் கதவைச் சாத்தினார். வண்டி அவர்கள் மூவரையும் கடந்து கேட்டைத் தாண்டிப் போனது.

மூவரும் பஸ் நிறுத்தத்துக்கு வந்தார்கள். தராசு மெதுவாக, "நான் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுட்டேனோ?" என்றார். பெண்கள் இருவரும் அவரைப் பார்த்த பார்வையில் அவர் டைம்டேபிள் படிக்கப் போய்விட்டார்.

"நீங்க இவ்வளவு நல்லாக் கட்டியிருக்க வேண்டாம் அண்ணி" என்றாள் சின்னவள்.

"நான் ஒரு வரிகூடப் படிக்கலை. சத்தியமா."

"தெரியும். கூடைல போட்டவ நான்தானே. ஆத்திரத்துல அது எங்கே போகும்னு தோணலை." குரலில் கோபம் இல்லை. அதுதான் அண்ணிக்குப் பயமாக இருந்தது. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி, சின்னவள் வேறு பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று மதியம் அண்ணி கட்டியதெல்லாம் கோணல். ஒரு பார்சலுக்குள் கத்தரிக்கோலை வைத்து மூடிவிட்டு, கத்தரிக்கோலைக் காணோம் என்று கடை முழுக்கத் தேடினாள். தராசு சத்தம் போடாமல் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார். அதுவும் ஆறிப்போனது.

சின்னவள் வேலை முடிந்து வந்து பையை மாட்டக்கூட இல்லை. ஐந்தரைக்குப் போன் அடித்தது. எண்ணைப் பார்த்த தராசு அதை அண்ணி பக்கம் தள்ளினார். அண்ணி ஸ்பீக்கரைப் போட்டாள். 

"ஏம்மா, கோப்பை ஆறும் வந்துச்சு" என்றார் தலைமை ஆசிரியை. "ஒரு கீறல் இல்லை. நூத்துக்கு நூறு."

"ரொம்ப சந்தோஷங்க."

"உள்ளே ஏழு காகிதம் இருந்துச்சு."

அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கசங்கின காகிதத்தைக் கண்டா எனக்குக் கை சும்மா இருக்காது. முப்பது வருஷம் பசங்க கசக்கிப் போட்டதைப் பிரிச்சுப் படிச்சுத்தான் பள்ளிக்கூடம் நடத்தினேன். ஏழையும் இஸ்திரி போட்டு வரிசையா வச்சிருக்கேன். முதல் ரெண்டும் சுமார். மூணாவதுல கோபம் ஜாஸ்தி. நாலாவது நல்லா வந்திருக்கு. எனக்குப் பல் முப்பத்திரண்டும் இருக்குன்னு சொல்லிடு."

"சரிங்க."

"பதினெட்டாவது கரண்டி சோபா இடுக்குல இருந்துச்சு. அதைச் சொல்லத்தான் எண்ணினேன். நீ இடைவிடாம பேசிக்கிட்டே இருந்ததுல சொல்ல முடியலை. ஆறாவது காகிதத்துல அதுவும் இருக்கு. 'எல்லாத்துக்கும் டேப் ஒட்டற எங்க அண்ணி, அவங்க வாய்க்கு மட்டும் ஒட்ட மறந்துட்டாங்க'ன்னு. அந்த வரியை நான் ரெண்டு தடவை படிச்சேன்."

அண்ணி திரும்பிச் சின்னவளைப் பார்த்தாள். சின்னவள் முகத்தைக் கையால் மூடிக்கொண்டிருந்தாள். தராசுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"நான் கேக்க வந்தது வேற" என்றது போன். "ஏழுமே ஒரே இடத்துல நிக்குது. 'இனி உங்க கேள்விக்கு என் பதில்'. அதுக்கப்புறம் வெறும் தாள். அடுத்த பக்கம் எங்கே? பேக் பண்ண மறந்துட்டியா? என் பையன் இங்கே லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டவன் மாதிரி நிக்கறான். ஒரு மணி நேரமா மேலயும் போகலை, கீழயும் வரலை."

அண்ணி போனைக் கையால் பொத்தினாள். "அடுத்த பக்கம் எங்கே?" என்று கிசுகிசுத்தாள்.

"இல்லவே இல்லை அண்ணி. அந்த இடத்துக்கு வந்துதான் ஒவ்வொரு தடவையும் கசக்கினேன்."

சின்னவள் எழுந்து வந்து போனை வாங்கிக்கொண்டாள்.

"நான்தாங்க பேசறேன். அந்தப் பக்கத்தை இன்னும் எழுதலை."

"எப்ப எழுதுவே?"

"எழுத மாட்டேன். நாளைக்கு லீவு போட்டுட்டு நேர்ல வரேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்றேன். நீங்களும் பக்கத்துலயே உட்கார்ந்திருங்க. இனிமே உங்ககிட்ட மறைக்க என்கிட்ட ஒண்ணும் பாக்கி இல்லை."

 "பத்து மணிக்கு மேல வா" என்று சொல்லிவிட்டுத் தலைமை ஆசிரியை போனை வைத்தார். குரலில் சிரிப்பு இருந்ததா இல்லையா என்று தராசும் அண்ணியும் பிறகு வெகுநேரம் வாதாடினார்கள்.

"என்ன சொல்லப் போறே?" என்று கேட்டாள் அண்ணி.

"எனக்கே தெரியலை. அவரைப் பிடிச்சிருக்கு. அந்த வீட்டை நினைச்சாப் பயமா இருக்கு. ரெண்டும் சரிசமமா நிக்குது." சின்னவள் அவள் கையைப் பிடித்தாள்.  "நீங்களும் என்கூட வரணும் அண்ணி."

"நானா? இவ்வளவு பண்ணதுக்கு அப்புறமும் என்னைக் கூப்பிடறியா?"

"வேற யாரைக் கூப்பிடுவேன்? ஆனா ஒண்ணு. அங்கே போய் நான் வேண்டாம்னு சொன்னாலும், அப்பவும் என் பக்கத்துலதான் நிக்கணும். ஒரு வார்த்தை பேசக்கூடாது. நிப்பீங்களா?"

அண்ணிக்கு அந்தப் பையனை அவ்வளவு பிடித்திருந்தது. கல்யாணத்துக்கு யார் யாரைக் கூப்பிடுவது என்றுகூட மனசுக்குள் பாதிப் பேரை எண்ணி முடித்திருந்தாள். சொல்வதற்கு ஆயிரம் வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"நிப்பேன்" என்றாள்.